துணைக்கு வந்த ரத்தம்

இலங்கை மலைநாட்டில், பதுளையில் இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் விடுதிக்காரரோடு குளிர்பெட்டி விஷயமாகச் சண்டை. என் கையில் ஒரு நீலப் பெட்டி. அதற்குள் விரல்நுனி அளவில் சில குப்பிகள், சுற்றிலும் பனிப்பைகள். திருச்சியிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. உடனே குளிரில் வைக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது. விடுதிக்காரரின் குளிர்பெட்டி முழுக்க மீன். "என்னங்க இது, விஷமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பெறகு எதுக்குங்க கையுறை போட்டுக்கிட்டுத் தொடுறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். கடைசியில் அவருடைய மனைவி வந்து, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழேயிருந்த காய்கறித் தட்டைக் காலி செய்து கொடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் சமாதானம் ஆகிவிட்டது. கனமான தேங்காய் ரொட்டி, அதோடு உரலில் இடித்த தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் அரைப்பதில்தான் கைத்திறன், இங்கே இடிப்பதில். காரம் காதுவரை ஏறியது. மலை முழுக்கத் தேயிலை இருக்கிற ஊரில் நல்ல பால் டீ கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தேன். கிடைத்தது பால் இல்லாத பிளேன்டீ. முதல் வாயில் முகம் சுளித்து, மூன்றாவது வாயில் இன்னொரு கோப்பை கேட்டேன். குளிருக்கு நான் கொண்டுபோனது ஒரே ஒரு மெல்லிய சால்வை. திருச்சிக்காரிக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலை மட்டும்தான்.

நான் வந்த காரணம் ஒரு குழந்தை. பதுளையில் குழந்தை மருத்துவராக இருக்கும் சுகந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடங்களுக்கு முன் திருச்சியில் நான் வேலை பார்க்கும் ரத்த ஆய்வகத்தில் ஆறுமாதம் பயிற்சிக்கு இருந்தார். அந்தக் காலத்தில் நான் அதிகமாகத் திட்டிய ஆள் அவர்தான். அவரே தொலைபேசியில் கூப்பிட்டு வரச்சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கும் சிவரஞ்சனி என்கிற பெண்ணுக்கு மூத்த மகன் மூன்று வயதில் நிமோனியாவில் இறந்துவிட்டான். அது நடந்து இரண்டு வருடம். இப்போது அடுத்தவன் ஹரிஷுக்குப் பதினான்கு மாதம். இதற்குள் மூன்று முறை அதே நிமோனியா. ஏன் என்று தெரியாவிட்டால் நான்காவது முறைக்கு மருந்தும் தெரியாது என்றார் சுகந்தன். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை நிரூபிக்கும் சோதனைக்கான குப்பிகள் எங்களிடம் இருந்தன. அதைப் படித்துச் சொல்லும் இயந்திரம் பதுளையில் ஒரு சிறிய தனியார் ஆய்வுகூடத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் என் பயணம்.

சோதனை இதுதான். ரத்தத்தில் சில வெள்ளை அணுக்கள் தூங்கிக்கொண்டே சுற்றும். கிருமி வந்தால் விழிக்கும். விழித்ததும் தங்கள் மேற்பரப்பில் சில புரதங்களை வெளியே நீட்டும். எங்கள் ஆய்வகப் பேச்சில் அவற்றுக்குக் கொடி என்று பெயர். எதை வைத்து எழுப்புகிறோம் என்பதைப் பொறுத்து எந்தக் கொடி ஏறும், எவ்வளவு ஏறும் என்பது மாறும். முதலில் ஏறுவது, அணு விழித்துவிட்டது என்று மட்டும் சொல்லும் கொடி. சற்றுப் பின்னால் ஏறும் இன்னொரு கொடி, பக்கத்து அணுக்களைத் தொட்டு, கிருமிக்கேற்ற புதிய ஆயுதம் செய்யச் சொல்லும். அந்த இரண்டாவது கொடி பிறவியிலேயே இல்லாத ஆண்குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுடைய அணுக்கள் விழிக்கும், ஆனால் செய்தி போய்ச் சேராது. சளி திரும்பத் திரும்ப நெஞ்சில் இறங்கும்.

ஆகவே ரத்தத்தை எடுத்து, இரண்டு விதமாக எழுப்பிப் பார்க்க வேண்டும். ஒன்று, அணுவின் வாசலைத் தட்டி முறையாக எழுப்புவது. மற்றது, வாசலை விட்டுவிட்டு நேராக உள்ளே புகுந்து உலுக்குகிற ரசாயனம். இரண்டிலும் உடல் சூட்டில் நான்கு மணி நேரம் வைத்து, பிறகு என் குப்பிகளில் உள்ள நிறச்சாயத்தை ஏற்றி, எந்தக் கொடி ஏறியிருக்கிறது என்று இயந்திரத்தில் எண்ணுவோம். இதில் ஒரு கட்டாயம் உண்டு. குழந்தையின் ரத்தத்தோடு, சொந்தமல்லாத, நல்ல உடம்புள்ள ஒருவரின் ரத்தமும் அதே நேரத்தில் எடுக்கப்பட்டு அதே வண்டியில் வர வேண்டும். அந்த ரத்தம் ஒழுங்காக விழித்தால்தான் குழந்தையின் ரத்தம் சொல்வதை நம்பலாம்.

குழந்தையைப் பதுளைக்கே கூட்டிவந்தால் என்ன என்று நான் கேட்காமல் இல்லை. கடைசித் தடவை வார்டில் படுத்திருந்தபோதுதான் புதிதாக ஒரு தொற்று வந்தது, நெரிசல் பஸ்ஸில் அவனைக் கொண்டுவருவதில் தனக்கே சம்மதம் இல்லை என்றார் சுகந்தன். தாயும் வெறும் சோதனைக்காக மலையிறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். ரத்தம்தான் இறங்கிவர வேண்டும்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு அது வந்தது. கொண்டுவந்தவர் தோட்டத்து மருத்துவமாது புஷ்பராணி. பிரசவம் பார்ப்பதிலிருந்து தடுப்பூசிவரை எல்லாம் அவர்தான். தோட்டத்தில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பது வயதிருக்கும், என் வயதுதான். நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு, தோளில் மாட்டியிருந்த பெட்டியைப் பிள்ளையை இறக்குவது போல மேசைமேல் இறக்கினார். மூடியைத் திறந்தார். நாலுபுறமும் பனிப்பை. நடுவில், அவற்றை ஒட்டி, ரத்தம் அடைத்த குழாய்கள்.

தடுப்பூசி வேறு, ரத்தம் வேறு. இந்தச் சோதனைக்கு ரத்தம் சாதாரண அறையின் சூட்டில் வர வேண்டும். பனியை ஒட்டி மூன்று மணி நேரம் கிடந்த அணுக்கள் உடைந்துபோகும், மிஞ்சியவை மரத்துப்போகும், எதை வைத்தும் எழுப்ப முடியாது. யார் இதை ஐஸில் வைக்கச் சொன்னது என்று கத்திவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "இருவத்திரெண்டு வருசமா நான் ஒரு குப்பியக்கூடச் சூடாக விட்டதில்லைங்க மெடம். பத்திரமா கொண்டாங்கன்னுதானே சொன்னாங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்த மலையில் பத்திரம் என்றால் பனிப்பெட்டிதான். அதில் தவறாமல் இருந்ததால்தான் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி வேலை செய்தது. குளிரவிடாதீர்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் கடைநிலை ஊழியருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் சொல்லத் தோன்றவில்லை. தப்பு என் பக்கம். ஆனால் அதை அப்போதே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இருக்கவில்லை.

இருந்தும் சோதனையைச் செய்தேன். குழாய்களை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றியபோது மேலே தெளிந்த நீர் இளஞ்சிவப்பாக வந்தது, அணுக்கள் உடைந்ததற்கு அடையாளம். சாயங்காலம் முடிவு திரையில் தெரிந்தது. ஹரிஷின் ரத்தத்தில் இரண்டாம் கொடி இல்லை. சுகந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் எதிர்பார்த்தது அதுதான். நான் அடுத்த படத்தைக் காட்டினேன். துணைக்கு வந்தது தோட்டத்து மருந்தகப் பணியாளரின் ரத்தம். அதிலும் இரண்டாம் கொடி இல்லை. முதல் கொடியே பேருக்கு ஏறியிருந்தது. வாசலைத் தட்டியும் விழிக்கவில்லை, உள்ளே புகுந்து உலுக்கியும் விழிக்கவில்லை.

சுகந்தன் மெல்லக் கேட்டார். "அக்கா, பிள்ளைக்கு இந்த நோய்தான் எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். இதை வச்சு எழுதேலாதோ? எழுதினால் நாளைக்கே மருந்துக்குக் கேக்கலாம்."

முடியாது என்றேன். அந்த மருந்து விலை உயர்ந்தது, மாதந்தோறும் ஏற்றுவது, வாழ்நாள் முழுக்க வேண்டியது. நாளை யாராவது ஒரு பெரிய மருத்துவர் இந்தத் தாளைக் கையில் எடுத்து, துணை ரத்தமும் செத்துத்தானே கிடக்கிறது என்று கேட்டால், அன்றோடு குழந்தையின் மருந்து நிற்கும். அதைவிட முக்கியம், எனக்கே தெரியாது. ஒருவேளை அவனுக்கு வேறு நோயாக இருந்தால், நாம் தப்பான வைத்தியத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பார்க்காததை நான் எழுதுவதில்லை என்று சொன்னேன். அவருக்கு அந்த வாக்கியம் பழக்கமானதுதான். ஆறுமாதம் அதைக் கேட்டிருக்கிறார்.

குப்பிகளில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் சாயம் இருந்தது. இந்த முறை நானே போய் எடுத்துவருவது என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் நானும், இரவு பதுளையிலேயே தங்கிவிட்ட புஷ்பராணியும் பஸ் ஏறினோம். முந்தின நாள் நடந்ததற்காக அவர் என்னோடு பேசவில்லை. அவர் பேசாததால் நானும் பேசவில்லை. ஐம்பது வயதுப் பெண்கள் இருவர் ஒரே இருக்கையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். பசறையில் பஸ் நின்றபோது அவர் இறங்கிப்போய்ப் பருப்பு வடை வாங்கிவந்து, ஒன்றைத் தாளில் சுற்றி என் மடியில் வைத்தார். மேலே காய்ந்த மிளகாய் ஒன்று செருகியிருந்தது. நேற்று கத்தியது தப்பு, உங்களுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான் என்றேன். "வடைய சாப்பிடுங்க, ஆறிப்போகும்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களிடையே வரவில்லை.

பசறைக்கு அப்பால் மழை பிடித்துக்கொண்டது. ஒரு திருப்பத்தில் வரிசையாக வண்டிகள் நின்றன. பாதையின் மேல் மண்சரிவு. செம்மண்ணும், வேரோடு வந்த தேயிலைச் செடிகளும், நடுவில் ஆள் உயரக் கல்லும். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று புஷ்பராணியிடம் கேட்டேன். மலை பஸ்ஸுக்குத்தான் வழி விடாது, மனிதனுக்கு விடும், ஆகவே இறங்கி நடங்கள் என்கிறாராம். சரிவின் மறுபக்கத்தில் இன்னொரு பஸ் காத்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால்வரை சேற்றில் நடந்தோம். முன்னால் போன முதியவர் ஒருவர், முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக் கல்லைத் தாண்டவைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். திருச்சியில் மேம்பாலத்தில் பத்து நிமிடம் போக்குவரத்து நின்றால் ஊரே ஹாரன் அடிக்கும். இங்கே யாரும் சலித்துக்கொள்ளவில்லை. நாளை இதே வழியில் ரத்தத்தோடு திரும்ப வேண்டுமே என்று எனக்குத்தான் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. சிவரஞ்சனி வேலை முடிந்து வந்ததும் அவளுடைய லயத்துக்குப் போனோம். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அவளுடையது ஐந்தாவது கதவு. இருபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஏழு வயது மகள் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஹரிஷ் என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தான். மூச்சுவிடும்போது அவன் நெஞ்சில் மெல்லிய கரகரப்பு. அதைக் காதால் கேட்ட பிறகு மண்சரிவைப் பற்றிய சலிப்பு என்னைவிட்டுப் போயிற்று.

மறுபடியும் ஊசி குத்த வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இந்தத் தடவை சரியாகத் தெரிந்துவிடுமா என்று மட்டும் கேட்டாள். ரத்தம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் தெரியும் என்றேன். அப்படியானால் எடுங்கள் என்றாள். அவளுடைய ரத்தமும் வேண்டும் என்றேன். ஏன் என்று சொன்னேன்: இந்த நோய் தாய்வழியாக மகனுக்கு வருவது, தாய்க்கு ஒன்றும் செய்யாது, ஆனால் தாயின் அணுக்களில் பாதி கொடி ஏற்றும், பாதி ஏற்றாது.

பிறகு மூத்தவனைப் பற்றிச் சொன்னாள். பெயர் தனுஷன். அன்றைக்கு அவனுக்கு இலேசான காய்ச்சல். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், அவனை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் வந்து தூக்கியபோது நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். பிள்ளையைவிடக் கொழுந்து பெரிதாகப் போய்விட்டது என்று மாமியார் சொன்னாளாம். மாமியார் அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. "நான்தான் அத தெனமும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் சிவரஞ்சனி.

ஆறுதல் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் கிடையாது. காலையில் ஆறரைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான்காம் நாள் விடியும்போது புஷ்பராணியின் குடியிருப்பில் சுவரில் தொங்கிய வெப்பமானி பதினான்கு காட்டியது. சாதாரண அறையின் சூடு என்று எங்கள் கையேட்டில் எழுதியிருக்கிறதே, அது திருச்சியில் எழுதியது. இங்கே குழாயை மேசைமேல் வைத்தாலே குளிர்பெட்டிக்குள் வைத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் அதைச் சொன்னதும் புஷ்பராணி வெப்பமானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்க் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துவந்து போட்டுக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது துணை ரத்தம். முதல் தடவை கொடுத்த மருந்தகப் பணியாளர் சளி பிடித்துப் படுத்திருந்தார். காலையில் வேலைக்கு முன்னால் எல்லோரும் கூடிப் பெயர் கொடுத்து, எந்த மலைக்குப் போவது என்று கேட்டுக்கொள்ளும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். அங்கே கேட்கலாம் என்று புஷ்பராணி கூட்டிப்போனார். நாற்பது பெண்கள் இருப்பார்கள். கணக்கப்பிள்ளை, அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் என்றார். நான் நோயைப் பற்றியும், அணுக்கள் பற்றியும், ஒப்பிட்டுப் பார்ப்பதன் அவசியம் பற்றியும் என் அறிவையெல்லாம் திரட்டிப் பேசினேன். நாற்பது பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

புஷ்பராணி என்னைச் சற்றே ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "ரஞ்சனி மகன் ரத்தம் பதுளைக்குப் போகுது. தொணைக்கு ஒரு ரத்தம் போகணும். அது நல்லபடியா போய்ச் சேந்தாத்தான் இது போய்ச் சேந்துச்சுன்னு தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். அந்தத் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போவதில்லை. நோயாளியோடு எப்போதும் துணைக்கு ஒருவர் போவார். வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்து, நடந்ததைப் பார்த்து வந்து சொல்வார். ஆகவே ரத்தத்துக்கும் துணை வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்கிய விஷயம். பதினைந்து, இருபது கைகள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நீண்டன. எனக்கு வேண்டியது ஒரு கைதான். அப்போது பின்வரிசையிலிருந்து ராஜேஸ்வரி என்கிற பெண், மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பக்கத்து லயத்துக்காரி, சிவரஞ்சனிக்கு உறவில்லை. "மூத்தவனுக்கும் நான்தாங்க தொணைக்குப் போனேன். இதுக்கும் நானே போறேன்" என்றாள். மற்ற கைகள் இறங்கின.

ராஜேஸ்வரியிடமும் சிவரஞ்சனியிடமும் ரத்தம் எடுத்தேன். ஹரிஷுக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஊசியைப் புஷ்பராணி வாங்கிக்கொண்டார். ஒரே குத்தில் கிடைத்தது. குழந்தை அலறியதைவிட அவனுடைய தாய் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று குழாய்களையும் பஞ்சில் சுற்றி, துணியில் கட்டி, புஷ்பராணி தன் ரவிக்கைக்கு மேலே, கம்பளிச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொண்டார். உடம்பில் நேராகப் படக் கூடாது, குலுங்கக் கூடாது என்றேன். தலையாட்டினார். பனிப்பெட்டி அவருடைய அலமாரிமேல் காலியாகக் கிடந்தது.

லுணுகலையில் பஸ் ஏறினோம். எழுந்து இடம் கொடுத்த பெண் ஒருத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புஷ்பராணியைப் பார்த்துவிட்டு, நெஞ்சு வலியா என்று கவலையோடு விசாரித்தாள். இல்லை, பிள்ளையின் ரத்தம் என்றார் இவர். அவள் அதற்குமேல் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். மண்சரிவைப் பாதி அகற்றியிருந்தார்கள். பஸ் இன்னும் போக முடியாது. நான் முன்னால் நடந்து ஒவ்வொரு கல்லாகக் காலால் சோதித்தேன். புஷ்பராணி இரண்டு கைகளையும் மார்பின்மேல் கட்டிக்கொண்டு, நான் கால் வைத்த இடத்தில் கால் வைத்து வந்தார். ஓரிடத்தில் வழுக்கியது. கையை ஊன்றாமல் முழங்காலை ஊன்றினார். எழுந்தபோது புடவை முழங்கால்வரை செம்மண், லேசாக ரத்தக்கசிவு. கட்டிய கைகள் மட்டும் அவிழவே இல்லை. முழங்கால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். குழாய் உடையவில்லை என்றார்.

பன்னிரண்டு மணிக்குள் ஆய்வுகூடத்தில் இருந்தோம். சுழற்றினேன். மேலே தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் வந்தது, ஒரு துளிச் சிவப்பு இல்லை. சுகந்தன் பெருமூச்சு விட்டார். எழுப்பும் மருந்துகளைச் சேர்த்து, உடல் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நான்கு மணி நேரம் காத்திருந்தோம். புஷ்பராணி கடைசி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று சொல்லி, முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. அவரும் துணைக்கு வந்தவர்தானே.

ஐந்து மணிக்கு முதல் படம் வந்தது. ராஜேஸ்வரியின் ரத்தம். இரண்டு விதத்திலும் விழித்திருந்தது. முதல் கொடி ஏறியிருந்தது, இரண்டாவதும் ஏறியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெறும் ஒப்பீட்டுக்கு எடுத்த ரத்தத்தைப் பார்த்து இருபத்தைந்து வருட வேலையில் நான் அழுததில்லை. அடுத்தது ஹரிஷ். வாசலைத் தட்டியதற்கும் விழித்தது, உள்ளே புகுந்து உலுக்கியதற்கும் விழித்தது. முதல் கொடி ராஜேஸ்வரிக்கு எவ்வளவோ அவ்வளவு. இரண்டாவது கொடி எதற்கும் இல்லை. கடைசியாகச் சிவரஞ்சனி. திரையில் இரண்டு மேடுகள். பாதி அணுக்களில் கொடி இருந்தது, பாதியில் இல்லை.

நான் தாளை எடுத்து எழுதினேன். சுகந்தன் அன்றைக்கே மருந்துக்கு விண்ணப்பித்தார். ஊர் திரும்பும் நாளை ஒரு நாள் தள்ளிவைத்தேன். இந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு மனமில்லை.

ஐந்தாம் நாள் பாதையில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள். சுகந்தனின் காரில் போனோம். சிவரஞ்சனி அன்று வேலைக்குப் போகவில்லை. சுகந்தன் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார்: நோயின் பெயர், மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டிய மருந்து, தினமும் கொடுக்க வேண்டிய தடுப்பு மருந்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும், அவன் அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிற்காலத்தில் நிரந்தரமாகவே குணமாக்கலாம் என்பது வரை. மருந்துக்குப் பதுளைக்கு வர வேண்டியிருக்கும் என்றார். வருகிறேன் என்றாள். அவர் சொன்னதையெல்லாம் அவள் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். ஒன்றுகூட விடவில்லை. தன் தங்கைக்கும் இந்தச் சோதனை செய்ய வேண்டுமா, அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று கேட்டாள். வேண்டும் என்றார் சுகந்தன். தலையசைத்து, அதையும் மனதில் வைத்துக்கொண்டாள்.

சுகந்தன் குழந்தையின் நெஞ்சைச் சோதிக்கப் போனபோது என்னிடம் திரும்பினாள். மூத்தவனுக்கும் இதுதானா என்று கேட்டாள்.

இருக்கும் என்றேன். நிச்சயமாகவா என்றாள். அவனுடைய ரத்தம் என்னிடம் இல்லை. நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். இந்த நோய் இருக்கிற பிள்ளைக்கு, தாய் வேலைக்குப் போனாலும் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், இந்த மருந்து இல்லாவிட்டால் நெஞ்சில் சளி இறங்கத்தான் செய்யும்.

"அத எழுதித் தர்றீங்களா?" என்றாள். மாமியாருக்குக் காட்டவா என்று கேட்டேன். "இல்லைங்க. எனக்குத்தான்."

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பழக்க தோஷம், மேலே நோயாளியின் பெயருக்கு வழக்கமாக விடுகிற இடத்தை விட்டுவிட்டே எழுதத் தொடங்கினேன். சொன்ன அதே வாக்கியத்தை, தெளிவான எழுத்தில், ஒரு சொல் கூட்டாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் வாசல் வெளிச்சத்துக்குப் போய் இரண்டு தடவை படித்தாள்.

"அவன் பேர் இல்லையே" என்றாள்.

"அவன் ரத்தத்தை நான் பார்க்கலைம்மா. பார்க்காததை நான் எழுதுறதில்லை" என்றேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது. அவள் வருத்தப்படவில்லை. சரி என்பது போலத் தலையாட்டினாள். பிறகு கையை நீட்டிப் பேனாவைக் கேட்டாள். தாளைச் சுவரில் வைத்து, மேலே காலியாக இருந்த இடத்தில், தனுஷன் என்று எழுதினாள். எழுதிவிட்டு, தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

கீழே நான் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போட்டேன்.